குறுக்குப் பேச்சைத் தடுத்த குழாய்க் கம்பி

இலண்டன் மாநகரின் கேம்டன் டவுனில் 1850ஆம் ஆண்டு பிறந்தார் ஆலிவர் ஹெவிசைடு. இளமையில் கண்ட செங்காய்ச்சல் அவர்தம் செவித்திறனைக் குறைத்தது. பதினாறு அகவையில் பள்ளியை விட்டு நீங்கினார். தந்திப் பணியில் சில ஆண்டுகள் இருந்து, 1874இல் அதனையும் துறந்தார். மாக்சுவெல்லின் மின்காந்தவியல் நூலைத் தாமே முயன்று கற்றார்.

அக்காலத் தந்திக் கம்பிகள் அருகருகே சென்றன. ஒன்றில் மாறும் மின்னோட்டம் அடுத்ததிலும் மின்னோட்டத்தைத் தூண்டியது. தொலைபேசி வந்தபின் தொல்லை மிகுந்தது; ஒருவர் பேச்சு தொடர்பே இல்லாத மற்றொருவர் காதில் விழுந்தது. இதற்குத் தீர்வு கண்டவர் செவித்திறன் குன்றியவர் என்பது வியப்பன்றோ! உள்ளீடற்ற குழாய் போன்ற கடத்தியின் நடுவே, அதனைத் தொடாதவாறு, மற்றொரு கடத்தியை அவர் அமைத்தார். உட்கம்பியில் செல்லும் மின்னோட்டமும் குழாய்வழி மீளும் மின்னோட்டமும் சமமாய், எதிரெதிராய் அமைவதால், அவற்றின் காந்தப்புலங்கள் வெளியே ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. 1880இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இல்லங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொணர்ந்த கேபிள் இவ்வமைப்பினதே.

கம்பியின் தன்மின்தூண்டலைக் கூட்டினால் நெடுந்தொலைவிலும் பேச்சு சிதையாது என்று 1887இல் கணக்கிட்டுக் காட்டினார். அஞ்சல்துறைப் பொறியியலாளர் வில்லியம் பிரீஸ் அதனை ஏற்காததோடு, கட்டுரை வெளிவராமலும் தடுத்தார். அதே கருத்தின் வழியில் 1900இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பியூப்பின் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஹெவிசைடுக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை.

1891இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. திருமணம் செய்துகொள்ளாத அவர், முதுமையில் டார்க்கீ நகரில் தனித்து வாழ்ந்து, 1925 பிப்ரவரி 3 அன்று மறைந்தார்.