பேராதனைத் தாவர அறிஞர் துவைற்ஸ்

கண்டியை அடுத்து மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனையில், அரச பூந்தோட்டத்தை 1849 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பேணி வளர்த்தவர் ஜோர்ஜ் துவைற்ஸ். பிரிஸ்டல் நகரிற் பிறந்த இவர், கணக்காளராகத் தொழில் புரிந்தவாறே தாவரவியல் கற்றவர்.

1859இல் டார்வினின் நூல் வெளிவந்தது. ஒவ்வோர் இனத்தையும் இறைவன் தனித்தனியே படைத்தான் என நம்பிய கிறிஸ்தவர் பலர் கலங்கினர். தாமே மாறி வளரும் ஆற்றலை உயிர்களுக்கு அளித்தவனும் இறைவனே எனக் கொண்டு, கிங்ஸ்லி பாதிரியார் போன்றோர் அமைதி கண்டனர்.

துவைற்ஸ் அக்கொள்கையை முற்றாக மறுத்தாருமல்லர், முழுதும் ஏற்றாருமல்லர். டார்வினோடு சிறிது தூரமே உடன்சென்றார். ஆயினும் தம் ஐயத்தைக் காரணங்காட்டி ஆராய்ச்சிக்குத் துணைபுரிய மறுத்தாரில்லை. சூல்தண்டு ஒரு செடியில் நீண்டும் மற்றொன்றிற் குறுகியும் அமைந்த இருவகைப் பூக்களையுடைய இலங்கை நீர்ச்செடியொன்றின் மலர்களை டார்வினுக்கு அனுப்பினார். 1877இல் வெளியான டார்வினின் மலர் நூலில் அவ்வுதவி இடம்பெற்றுள்ளது.

1882 செப்டெம்பரில் துவைற்ஸ் கண்டியிற் காலமானார். டார்வின் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. விசுவாசத்தையும் விஞ்ஞானத்தையும் இசைவிக்க விழைவோர்க்கு அவர் வாழ்வு காட்டும் நெறி ஒன்றுண்டு: தெளிந்த அளவே ஒப்புதல், தெளியாதவிடத்துப் பொறுமை.