ஸ்டீபன் ஹேல்ஸ்

சிதம்பரத்திற்குத் தில்லை என்பது பழம்பெயர். அவ்விடம் ஒருகாலத்தில் தில்லை மரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர், நகரின் கிழக்கே கிள்ளையை அடுத்துள்ள பிச்சாவரத்திற்குச் செல்லுதல் வேண்டும். கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் அங்கே அலையாத்திக் காடு விரிந்து கிடக்கின்றது. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் உவர்ச் சேற்றில் வேரூன்றி நிற்கின்றன. காற்று அடங்கிய பொழுதில் அவை யாதொரு தொழிலுமின்றி நிற்பன போலத் தோன்றும். ஆயினும், பகற்பொழுதில் ஒவ்வோர் இலையிலும் ஓயாத கொடுக்கல் வாங்கல் நடைபெறுகின்றது. இலை, நீராவியை வானுக்கு அளிக்கின்றது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பெறுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத இவ்வாணிகத்தைத் தராசும் படிக்கல்லும் கொண்டு கணக்கிட வழிகாட்டிய பெரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஆவார்.

ஹேல்ஸ், இங்கிலாந்து நாட்டில் கெண்ட் மாவட்டத்தில் 1677ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்து பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின், 1690இல், ஆங்கில வணிகக் குழுவினர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்குப் பெற்றனர் என்பதைக் கொண்டு அவர் காலத்தை நாம் உணரலாம். அவர் கேம்பிரிட்ஜில் சமயக் கல்வி பயின்றார். அதனோடு இயற்கை அறிவையும் ஆர்வத்துடன் கற்றார். 1709இல் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் சிற்றூரில் சமயக் குருவாக அமர்ந்தார். அன்று தொட்டு இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், அவ்வூரே அவருக்கு இல்லமாகவும் ஆராய்ச்சிக் கூடமாகவும் விளங்கியது.

ஒருமுறை, பருவம் தப்பி வெட்டிய திராட்சைக் கொடியொன்றிலிருந்து சாறு வடிந்து நிற்காமையைக் கண்ட ஹேல்ஸ், கொடி பட்டுப்போகுமோ என்று அஞ்சினார். வெட்டுவாயின் மேல் சவ்வுப் பையொன்றை இறுகக் கட்டினார். சாறு நிற்கவில்லை, பை விம்மிப் புடைத்தது. பிறராயின் வேறொரு கட்டுப் போட்டு அதனை மறந்திருப்பர். ஹேல்ஸோ, கொடியினுள் இத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது என வினவினார். வேறு கொடிகளின் அடித்தண்டில் கண்ணாடிக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அளந்தார். சாறு 20 அடிக்கும் மேலே ஏறியது. வேரின் உந்துவிசை இவ்வாறு அளந்து அறியப்பட்டது.

வேர் ஏற்றும் நீர் பின்னர் எங்கே செல்கின்றது? இவ்வினாவிற்கு விடை காண, 1724ஆம் ஆண்டு கோடையில் மூன்றரை அடி உயரமுள்ள சூரியகாந்திச் செடியொன்றைத் தொட்டியில் வளர்த்தார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதவாறு தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடினார். பதினைந்து நாள், காலையிலும் மாலையிலும், செடியைத் தொட்டியுடன் தராசில் நிறுத்தார். பகல் ஒன்றில் அச்செடி சராசரி 20 அவுன்ஸ் நீரை இலைகளின் வழியே வெளிவிட்டது. பனியில்லா வெப்ப இரவில் 3 அவுன்ஸ் அளவே குறைந்தது. பனி மிக்க இரவிலோ எடை சிறிது கூடியது. உடலின் அளவுக்கு அளவு ஒப்பிட்டால், மனிதன் வியர்வையாக வெளிவிடும் நீரைப்போல் 17 மடங்கை அச்செடி வெளிவிட்டது என அவர் கணக்கிட்டார். இலைகளைக் களைந்த கிளை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதையும் கண்டார். வேர் உந்துவதோடு இலையும் நீரை ஈர்க்கின்றது என்பது இதனால் விளங்கிற்று.

இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து 1727இல் அவர் வெளியிட்ட நூல், ராயல் சொஸைட்டியின் தலைவராயிருந்த நியூட்டனின் ஒப்புதலோடு வந்தது. தாவரம் தன் உணவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்தே பெறுகின்றது என்னும் கருத்தை ஹேல்ஸ் அந்நூலில் வெளியிட்டார். காற்று பல வாயுக்களின் கலவை என்பதை அக்காலத்தார் அறியாராதலின், எந்த வாயு அது என அவரால் கூற இயலவில்லை. எனினும், அவர் திறந்த வழியே பலர் நடந்தனர். செடி, கெட்ட காற்றைத் திருத்துகின்றது என்பதைப் பிரீஸ்ட்லி 1771இல் கண்டார். அதற்குக் கதிரொளி வேண்டும் என்பதை இங்கன்ஹவுஸ் 1779இல் நிறுவினார். கரியமில வாயுவும் நீரும் சேர்ந்தே தாவரத்தின் உடலாகின்றன என்பதை 1804இல் சொஸ்ஸூர் அளந்து காட்டினார்.

ஹேல்ஸ் தம் அறிவைப் பிறர் துன்பம் துடைக்கவும் பயன்படுத்தினார். கப்பல்களிலும் சிறைகளிலும் அடைபட்ட காற்றால் மக்கள் நோயுற்று மடிவதைக் கண்டு, துருத்திகளால் தூய காற்றை உட்செலுத்தும் பொறியை அமைத்தார். தம் ஊரார்க்கு நல்ல குடிநீர் கிடைக்கவும் வழி செய்தார். அரசர் வேறிடத்தில் உயர்பதவி அளிக்க முன்வந்தபோது, தம் ஊரை விட்டுப் பிரிய மனமின்றி மறுத்துவிட்டார். 1761ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் டெடிங்டனிலேயே உயிர் துறந்தார்.

அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளில், அவர்தம் ஆராய்ச்சியை அறிந்த சோம் ஜெனின்ஸ் என்பாரின் முயற்சியால், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டொபாகோவில் மலைக்காடொன்று மழையின் பொருட்டுக் காக்கப்பட வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பெற்றது. காட்டை அழித்தால் வானும் பொய்க்கும் என்னும் எண்ணம் 1776இலேயே சட்டமானது.

இவ்வெண்ணத்தை மறந்தால் விளையும் கேட்டைப் பிச்சாவரமே காட்டிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அங்கே பகுதி பகுதியாக மரங்கள் அடியோடு வெட்டப்பட்டன. நிழல் நீங்கிய சேற்று நிலத்தை வெயில் நேரே தாக்கிற்று. ஈரம் வற்ற நிலம் தாழ்ந்து பள்ளமாயிற்று. ஓதத்தில் உட்புகுந்த கடல்நீர் திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மட்டும் எஞ்சி மிகுந்தது. இலை வழியே அளவோடு சென்ற நீர், அளவின்றிச் சென்றமையால் அந்நிலத்தில் மீண்டும் மரம் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர் மக்களும் கூடிக் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்து மீள வழி செய்து, கன்றுகளை நட்டனர். காடு மீண்டும் தழைத்தது.

அண்மை ஆண்டுகளில் அக்காட்டில் கோபுரம் நிறுவி, காற்று மேலெழுவதையும் கீழிறங்குவதையும், அது சுமந்து செல்லும் நீராவியையும் கரியமில வாயுவையும் இடையறாது அளக்கின்றனர். பகலில் காடு கரியமில வாயுவை உட்கொள்ளும். இரவில் சுவாசத்தால் ஒரு பகுதியைத் திரும்ப விடும். எஞ்சுவதே அதன் சேமிப்பாகும். அலையாத்திச் சேற்றில் பிராண வாயு அரிதாதலின், உதிர்ந்த இலையும் வேரும் விரைவில் மட்குவதில்லை. அவற்றிலுள்ள கரி நெடுங்காலம் மண்ணிலேயே தங்குகின்றது. காட்டை அழித்துச் சேற்றைக் காய விட்டால், பல தலைமுறைகளின் அச்சேமிப்பு வானில் கலந்து உலகின் வெப்பத்தை மிகுவிக்கும்.

ஒரு சூரியகாந்திச் செடிக்கு ஹேல்ஸ் எழுதிய வரவுசெலவுக் கணக்கே இன்று ஒரு காட்டிற்கு எழுதப்படுகின்றது. கருவிகள் மாறின, முறை மாறவில்லை. மரத்தை வெட்டுமுன் அது கொடுப்பதையும் கொள்வதையும் அளந்தறிதல் அறிவுடையார் கடமையாகும். அக்கடமையை நமக்கு உணர்த்தியதனால் டெடிங்டன் பெரியாரின் புகழ் மரங்கள் உள்ளளவும் நிலைபெறும்.