மூளையை வரைந்த மனிதர்: ரமோன் கஹால்

வாகரையிலிருந்து வரும் மீனை உம்மா அரியும்போது, அதன் தலைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மூளையை எம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? மனித மூளையில் மிக அரிதான ஓர் ஆற்றல் அதற்கு உண்டு. மீன் வளர்ந்து முதிர்ந்த பின்னரும் அதன் மூளையில் புதிய நரம்புக் கலங்கள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. நரம்பு எவ்வாறு வளர்கிறது, தன் வழியை எவ்வாறு அறிகிறது என்ற கேள்வியை முதலில் ஆழமாக எழுப்பியவர்களுள் ஒருவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஹால்.

அவர் 1852ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார். தந்தை வைத்தியர். மகனும் வைத்தியராக வேண்டும் என்பதே அவரது ஒரே எண்ணம். மகனுக்கோ கண்டதையெல்லாம் வரைவதில்தான் ஆசை. ஊர்த் தேவாலயத்துக்கு வெள்ளையடிக்க வந்த ஒருவரிடம் மகனின் படத்தைக் காட்டித் தந்தை அபிப்பிராயம் கேட்டார். பிள்ளைக்கு ஓவியம் வராது என்று அவர் சொல்லிவிட்டார். அத்துடன் வீட்டில் வரைதலுக்குத் தடை விழுந்தது. சிறுவன் ஒளித்து வரைந்தான். குழப்படி அதிகரிக்கவே, சிகையலங்கரிப்பவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பப்பட்டான்.

1868ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் தந்தை வேறொரு வழியைக் கையாண்டார். பழைய மயானத்துக்கு மகனை அழைத்துச் சென்று, வெளியே கிடந்த மனித எலும்புகளைக் காட்டி உடலமைப்பைக் கற்பித்தார். பதினாறு வயது மகன் ஒவ்வோர் எலும்பையும் வரைந்து வரைந்து மனதில் பதித்தான். தந்தை தடுத்த அந்தக் கையே அவர் விரும்பிய பாடத்தைப் பிடித்துக்கொண்டது.

1873இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இராணுவ வைத்தியராகக் கியூபாவுக்குச் சென்று, மலேரியாவால் உடல் நலிந்து திரும்பினார். 1885இல் கொலரா பரவியபோது அவர் ஆற்றிய பணிக்காக, சரகோசா மாகாண நிர்வாகம் சிறந்த நுணுக்குக்காட்டி ஒன்றைப் பரிசளித்தது.

1887இல், இத்தாலியரான கோல்கி கண்டுபிடித்த வெள்ளிச் சாயமூட்டும் முறையை மட்ரிட் நகரில் கண்டார். இம்முறையில் ஆயிரக்கணக்கான கலங்களுள் சில மட்டுமே கறுப்பாகத் தெரியும். மூளை முழுவதும் பிரியாத ஒரே வலை என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். கஹால் கோழி முளையங்களை ஆராய்ந்து, ஒவ்வொரு நரம்புக் கலமும் தனித்தனியானது என்று 1888இல் காட்டினார். ஸ்பானிய மொழியில் எழுதியதை வெளிநாட்டார் படிக்கவில்லை. மறு ஆண்டு தன் மாதிரிகளை எடுத்துக்கொண்டு பெர்லினுக்கே சென்று, பேராசிரியர்களை நேரில் பார்க்கச் செய்தார்.

1890இல், வளரும் நரம்பிழையின் நுனியில் கூம்பு போன்ற ஓர் அமைப்பைக் கண்டு விபரித்தார். சில இரசாயனப் பொருட்கள் அந்த நுனியை ஈர்த்து வழிகாட்டுகின்றன என்பது அவரது கருத்து. மீன், தவளை, பறவை, முலையூட்டி எனப் பல விலங்குகளின் விழித்திரைகளையும் ஆராய்ந்து வரைந்தார். 1906இல் கோல்கியும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கை கால்களில் வெட்டுண்ட நரம்பு மீண்டும் வளர்கிறது. வளர்ந்த முலையூட்டியின் மூளையிலோ அது தொடங்கி நின்றுவிடுகிறது. ஊட்டமளிக்கும் பொருட்கள் அங்கு போதாமையே இதற்குக் காரணம் எனக் கருதினார். அந்நிலையை மாற்றும் பொறுப்பை எதிர்கால விஞ்ஞானத்திடம் விட்டு, 1934 ஒக்டோபர் 17இல் தன் 82ஆவது வயதில் காலமானார்.

அப்பொறுப்பை ஏற்றவர்களுள் ஒருவர் இத்தாலியப் பெண் ரீட்டா லெவி மொன்டால்சினி. பெண் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வேண்டாம் என்றிருந்த தந்தையைச் சம்மதிக்கச் செய்து படித்தவர். யுத்த காலத்தில் தன் படுக்கையறையில் கோழி முட்டைகளை வைத்து ஆராய்ந்தவர். 1950களில் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்து, 1986இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு பெற்றார். இன்று, சில மாதங்களே வாழும் ஆபிரிக்கக் கில்லி மீனின் மூளையிலும் இவ்வகைக் காரணிகளை ஆராய்கின்றனர். மீனுக்கும் வயதேற ஏறப் புதிய கலங்கள் தோன்றும் வேகம் குறைகிறது. அது ஏன் என்று அறிந்தால் எமது முதுமையையும் விளங்கிக்கொள்ள உதவும்.

கஹால் வரைந்த மூளைப் படங்களை நூறாண்டு கடந்தும் மாணவர்கள் பார்த்துப் படிக்கின்றனர். உயிரியல் கொப்பியின் ஓரத்தில் மகள் படம் வரைந்திருப்பதைக் காணும் பெற்றோர், ஏசுவதற்கு முன் அதை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்களாக. மாணவிகளே, அடுத்த முறை மீன்தலை ஆணத்துக்கு முன் நீங்களும் அந்த மூளையைக் கவனித்து வரைந்து பாருங்கள்.