தீப்புண்ணின் பகை தேடியவர்

தீ விபத்தினின்று ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார் எனக் கேட்டதும் உற்றார் உள்ளம் ஆறுதல் கொள்ளும். மருத்துவர் உள்ளமோ அன்றுதான் கவலை கொள்ளத் தொடங்கும். உடலின் நீர்மம் வற்றி உயிர் பிரியும் இடர் முதல் இரண்டு மூன்று நாள்களோடு பெரிதும் நீங்குகிறது. அதன்பின் வருவதே புண்ணில் கிருமி புகும் பேரிடர். தோலெனும் மதில் இடிந்த இடத்தில் கருகிய தசை ஈரமும் வெதுவெதுப்புமாய்க் கிடக்கிறது. அதனுள் குருதி ஓடாமையால் ஊசிவழிச் செலுத்தும் மருந்தும் அங்குச் சென்று சேர்வதரிது. அக்கிருமி எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவினைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டவர் ஆங்கில மருத்துவ அறிஞர் லெனார்டு கோல்புரூக் ஆவார்.

1883 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கில்டுஃபோர்டு நகரில் பிறந்த கோல்புரூக், இலண்டன் புனித மேரி மருத்துவமனையில் பயின்று, 1907 இல் ஆல்ம்ராத் ரைட் என்னும் பேரறிஞரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பின்னாளில் பெனிசிலின் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் அங்கு அவருடைய உடன் பணியாளர்.

அந்நாளில் மகப்பேற்றுக்குப் பின் தாயரைக் காய்ச்சல் கவ்விக் கொன்றது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் சங்கிலிக் கிருமியே அதன் காரணம். அக்கிருமி பெரும்பாலும் தாயின் உடலிலிருந்தன்று, பேறு பார்ப்போரின் மூக்கிலும் தொண்டையிலுமிருந்தே வருகின்றது என்பதை அவருடைய சகோதரி டோரா கோல்புரூக் 1935 இல் ஆய்ந்து காட்டினார். மறு ஆண்டு கோல்புரூக், செருமனியில் உருவான புரோண்டோசில் என்னும் மருந்தை இலண்டன் சார்லட் அரசி மருத்துவமனையில் அளித்து ஆய்ந்தார். முன்னர் அங்கு நூற்றுக்கு இருபதின்மருக்கு மேல் மாண்டிருக்க, இம்மருந்து பெற்ற முதல் 64 தாயருள் மாண்டோர் மூவரே. எனினும் மருந்து கிடைத்துவிட்டதென்று அவர் கைகழுவும் ஒழுங்கையோ முகமூடியையோ தளர்த்தவில்லை.

இரண்டாம் உலகப் போர் அவரைத் தீப்புண்ணின் பக்கம் திருப்பியது. 1942 இல் கிளாஸ்கோ அரச மருத்துவமனையில் அமைந்த தீப்புண் ஆய்வுப் பிரிவின் தலைமையை ஏற்றார். தீப்புண்ணுற்றோர்க்குக் கிருமி புகாத நிலையிலும் காய்ச்சல் காண்பதுண்டு. ஆதலின் காய்ச்சலை மட்டும் கொண்டு நோயறிதல் இயலாது. கட்டு மாற்றுங்கால் புண்ணினின்று பஞ்சால் ஒற்றியெடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்தே அதன் இனம் அறிய வேண்டும். இம்முறையைக் கோல்புரூக் குழுவினர் ஒழுங்குற மேற்கொண்டனர். சேர்க்கப்பட்டபோது தூய்மையாயிருந்த புண்ணில் பின்னர்க் கிருமி தோன்றுமாயின், அது மருத்துவமனையிலேயே வந்ததன்றோ? சங்கிலிக் கிருமி புகுந்தால் ஒட்டவைத்த தோலும் நில்லாது கரைந்தது. அதனை ஒழிக்கப் பெனிசிலின் களிம்பினை 1943 இலேயே அவர்கள் ஆய்ந்தனர். அப்பிரிவிலேதான் பீட்டர் மெடவார் தோல் ஒட்டினை ஆராய்ந்தார். அந்நெறியில் தொடர்ந்த ஆய்வே அவருக்கு 1960 இல் நோபல் பரிசைத் தேடித் தந்தது.

பின்னர் அப்பிரிவு பர்மிங்காம் விபத்து மருத்துவமனைக்கு மாறியது. பழங்கட்டினை அவிழ்க்கும்போது காய்ந்த துகள்கள் பறந்து, அடுத்து வருவோர் புண்ணில் படிகின்றன என்பதை அறிந்த கோல்புரூக், வடிகட்டிய காற்று உட்புகும் தனியறையில் கட்டு மாற்ற வழி செய்தார். விரல் படாது கருவிகளால் மட்டுமே புண்ணைத் தொடும் நெறியும் பேணப்பட்டது.

ஓயாது உழைத்தும் ஓர் உண்மை அவரை வருத்தியது. கொணரப்பட்டோரில் மிகப் பலர் குழந்தைகள். அவர்தம் துன்பமோ தடுத்திருக்கக் கூடியது. அவரும் அவர் துணைவியார் வீராவும் ஆயிரம் பேரின் விபத்துகளை ஆய்ந்து 1949 இல் வெளியிட்டனர். கணப்படுப்பிற்குக் காப்புவலை வேண்டுமென்று அவர் விடாது முயன்றார். 1952 இல் வெப்பக் கருவிகளைக் காப்புவலையின்றி விற்றலாகாதெனப் பிரித்தானியாவில் சட்டம் பிறந்தது. ஆய்வகத்தில் தொடங்கியவர் அடுப்பங்கரையில் வந்து நின்றார்! 1967 இல் அவர் மறைந்தார்.

1985 இல் அண்ணாமலை நகரில் தோன்றி, இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தில் பயிலும் இளைஞர்க்கு இவர் வரலாறு வழிகாட்டி. மருத்துவம் பயிலாத நமக்கும் அதில் பாடமுண்டு. தீச்சுட்ட இடத்தில் மையும் இட்லி மாவும் பற்பசையும் பூசும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அவை புண்ணின் ஆழத்தை மறைப்பதோடு கிருமிக்கும் வழிவிடும். குளிர்ந்த தூய நீரை இருபது நிமிடம் ஊற்றி, தூய துணியால் மூடிக் கொண்டு செல்வதே முறை. அன்பு மிகுதியால் நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நிற்பதும் அவருக்குக் கேடாய் முடியலாம்.

2004 சூலை 16 ஆம் நாள் குடந்தைப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கூரையில் பற்றி 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்று. வருமுன் காத்தலே தலையாய மருத்துவம் என்பதை அம்மழலையர் நமக்கு உணர்த்திச் சென்றனர். கோல்புரூக் தம் வாழ்நாளின் இறுதியில் கண்ட முடிவும் அதுவேயாகும்.