டென்னிஸ் ரிட்சி வேண்டாம் என்று சொன்ன கதை

போன மாசம் ஜூனியர் ஒருத்தர் எழுதின பேட்ச் என்கிட்ட ரிவ்யூவுக்கு வந்தது. சி-யில நாங்க சும்மா கத்துக்கறதுக்காக எழுதுற ஒரு குட்டி வெர்ஷன் கன்ட்ரோல் டூல். கமிட் கட்டளையில -எம் வந்தா, அடுத்த வார்த்தையைச் செய்தியா எடுத்துக்கணும், அவ்வளவுதான். மேலோட்டமா பார்த்துட்டு அப்ரூவ் கொடுத்துட்டேன். மறுநாள் யாரோ -எம் மட்டும் அடிச்சு என்டர் தட்ட, செக்மென்டேஷன் ஃபால்ட். ஆர்க்-சி எவ்வளவுன்னு பார்க்காம, ஆர்க்-வி முடியுற இடத்துல இருக்கற நல் பாயின்டரை ஸ்டிரிங்னு நம்பி நீளம் பார்க்கப் போயிருக்கு அந்தக் கோட். தப்பு படிக்காம தலையாட்டின என்மேலதான்.

முதல் வருஷம் நீங்களும் நானும் அர்த்தம் தெரியாமலே எழுதின அந்த ஆர்க்-சி, ஆர்க்-வி எல்லாம் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியோட சொத்து. இன்னைக்கும் கிட்டுக்குள்ள நீங்க அடிக்கிற ஒவ்வொரு கட்டளையும் அந்த வாசல் வழியாத்தான் போகுது.

ரிட்சி 1941-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பெல் லேப்ஸ்ல வேலை பார்த்தவர். ஹார்வர்டில் இயற்பியல், பிறகு பயன்பாட்டுக் கணிதம். ஆய்வேட்டை எழுதி முடித்தும், பைண்ட் செய்த பிரதியை நூலகத்தில் கொடுக்காததால் டாக்டர் பட்டம் வரவே இல்லை! (ரெக்கார்டு நோட் சப்மிட் பண்ணாத நண்பர்கள் இதை ஹெச்ஓடி-கிட்ட சொல்லிப் பார்க்க வேண்டாம்.) 1967-ல் பெல் லேப்ஸ். 1969-ல் கென் தாம்சன் தொடங்கிய யூனிக்ஸில் சேர்ந்துகொண்டார். சி மொழி பிறந்தது, 1973-ல் யூனிக்ஸ் கெர்னலே சி-யில் திரும்ப எழுதப்பட்டது. 1983-ல் இருவருக்கும் டூரிங் விருது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. சி-க்கு அமெரிக்கத் தரநிலை எழுத ஒரு குழு உட்கார்ந்தது. அந்த வேலையில் ரிட்சி பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். கடைசிக் கட்டத்தில் குழு 'நோஏலியாஸ்' என்று ஒரு புதுச் சொல்லை வரைவில் சேர்த்தது. இந்த நினைவிடத்தை வேற பாயின்டர் எதுவும் தொடாதுன்னு கம்பைலருக்குக் கொடுக்கிற வாக்குறுதி அது. கேட்க நல்லாத்தான் இருக்கு, கோட் வேகமா ஓடும்.

ரிட்சி வரைவைப் படித்தார். 1988 மார்ச்சில் குழுவுக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். கான்ஸ்ட், வாலடைல் ரெண்டுமே அவருக்குப் பிடிக்கல, ஆனா சகிச்சுக்கலாம்னு விட்டுட்டார். நோஏலியாஸ் விஷயத்துல மட்டும் பேரமே கிடையாது. பார்க்கச் சரியா இருக்கற ப்ரோகிராமைக்கூட, விதிப்படியே நடந்துக்கிட்டு கம்பைலர் சத்தமில்லாம உடைச்சிடலாம்னு உதாரணத்தோட காட்டினார். வேலை முடியப்போற நேரத்துல இப்படி ஒரு கடிதம் வந்தா குழுவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அதைத் தூக்கிட்டாங்க. 1989 தரநிலையில் அந்தச் சொல் இல்லை.

2007-ல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12 அன்று நியூஜெர்சியில், தனியாக வாழ்ந்த வீட்டில் இறந்துகிடந்தார். ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உலகமே அந்தத் துக்கத்தில் இருந்ததால் இந்தச் செய்தி பலருக்குப் போய்ச் சேரவில்லை.

ஜூனியர் பேட்ச்சைத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கார். இந்தத் தடவை உட்கார்ந்து முழுசா படிச்சேன். '--' வந்த பிறகு -எம்னே ஒரு ஃபைல் பேர் இருந்தா என்ன ஆகும்னு கேட்டிருக்கேன். பதில் இன்னும் வரல.