செனபோன் தந்த பரிநூல்

குதிரைக்குப் பாடஞ் சொல்லும் நூலொன்று ஆசிரியனாகிய எனக்கும் பாடஞ் சொன்னது. அதனை இயற்றியவர் அதென்ஸ் நகரத்துச் செனபோன், சோக்கிரதீஸின் மாணாக்கர். கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரஸின் படையோடு சென்றார். சைரஸ் போரில் வீழ்ந்தான். கிரேக்கத் தளபதிகள் வஞ்சனையாற் கொல்லப்பட்டனர். தலைவரை இழந்த பதினாயிரவரைக் கருங்கடற்கரை சேர்த்தவருள் செனபோனும் ஒருவர். பின்னர் நாடுகடத்தப்பெற்று, ஒலிம்பியாவுக்கு அண்மையில் ஸ்பார்த்தர் அளித்த நிலத்திற் பல்லாண்டு வாழ்ந்தார். கி.மு. 362இல் அவர் மைந்தன் கிரிலஸ் குதிரைப்படையிற் பொருது மாண்டான்.

இவ்வாறு போரையே கண்டு வாழ்ந்தவர், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என விதித்தார். குதிரை ஒரு பொருளைக் கண்டு மருண்டால், ஊர்பவன் தானே அதனைத் தொட்டுக்காட்டி, மெல்ல அருகே அழைத்துச் செல்லவேண்டும். அடித்தாலோ, அந்நோவும் அப்பொருளால் விளைந்ததென்றெண்ணி அது மேலும் அஞ்சும். பவனிக் குதிரைக்கும் இந்நெறியே. அது கழுத்தை நிமிர்த்திப் பெருமித நடை கொண்டவுடன் கடிவாளத்தைத் தளர்த்தினால், அந்நடையைத் தானே விரும்பிக் காட்டும். சாட்டையால் ஆட்டுவிக்கும் கூத்தில் அழகில்லாதவாறு போல, வலிந்து பெறும் நடையிலும் அழகில்லை என்பது அவர் துணிபு.

நன்னூற் சூத்திரத்திலே தடுமாறிய சிறுவர் கைகளில் யானும் பிரம்பு வைத்ததுண்டு. அவர்கள் பிரம்பை அஞ்சினர் என்றே அந்நாளில் எண்ணினேன். சூத்திரத்தையே அஞ்சினர் என்பதைக் குதிரை நூல் கற்றபின்னரே உணர்ந்தேன்.