ஆசியத் தங்கத்தை இருமுறை வென்று தந்த பள்ளி ஆசிரியர்: இந்தியக் கால்பந்தின் சிற்பி சையது அப்துல் ரஹீம்

ஹைதராபாத்: ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்துப் பிரிவில் இந்தியா இதுவரை இரண்டு முறை மட்டுமே தங்கப் பதக்கம் வென்றுள்ளது. ஒன்று 1951-இல் டெல்லியில், மற்றொன்று 1962-இல் ஜகார்த்தாவில். இடைப்பட்ட 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை முன்னேறி, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் ஆசிய நாடாகவும் இந்தியா திகழ்ந்தது. இந்த மூன்று சாதனைகளின்போதும் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஒருவரே. அவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம்.

வீரர்களால் ரஹீம் சாகிப் என்று மரியாதையுடன் அழைக்கப்பட்ட அவர், 1963-இல் தமது 53-வது வயதில் காலமானார். கால்பந்து என்பது பிறவித் திறமையால் மட்டும் வருவதன்று, பாடம்போல் கற்பிக்கப்பட வேண்டிய கலை என்ற நம்பிக்கையே அவரது வாழ்வின் சாரமாக விளங்கியது.

வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு

1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஹைதராபாத்தில் ரஹீம் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், பல்கலைக்கழக அணிக்காகவும் நகரின் கிளப் அணிகளுக்காகவும் விளையாடினார். பின்னர் ஆசிரியப் பணியில் சேர்ந்து, காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி உள்ளிட்டவற்றில் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார்.

1940-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் தலைநகரம் கல்கத்தாவே. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிரணியினரை ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றிச் செல்லும் வீரரையே ரசிகர்கள் கொண்டாடினர். நடுக்களத்தில் நிற்கும் ஹாஃப் ஆட்டக்காரர்களின் வேலை, எதிரணியின் தாக்குதலைத் தடுப்பது என்ற அளவோடு முடிந்தது.

ரஹீம் வேறு வழியில் சிந்தித்தார். பந்து ஓடினால் வீரர் களைப்படைய மாட்டார் என்பது அவரது கணக்கு. எனவே, ஒரே தொடுதலில் பந்தைச் சக வீரருக்கு அனுப்பும் முறையை வலியுறுத்தினார். எதிரணியினரை ஏமாற்றி ஓடுவதற்குத் தடை விதித்த போட்டிகளை ஹைதராபாத்தில் நடத்தினார். வலது கால் பழக்கமுள்ளவர்கள் இடது காலாலும், இடது கால் பழக்கமுள்ளவர்கள் வலது காலாலும் மட்டுமே ஆட வேண்டும் என்ற விதியுடனும் தனிப் போட்டிகளை நடத்தினார். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கடினமான பாடத்தைத் தனியே பிரித்துப் பயிற்சி கொடுப்பதைப் போன்றே அவரது அணுகுமுறை இருந்தது.

காவல்துறை அணியின் பொற்காலம்

ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் இருந்த காலம், அந்த அணியின் பொற்காலமாக அமைந்தது. பம்பாயில் நடைபெற்ற புகழ்பெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்த அணி வென்றது. 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையும் அதன் வசமானது. கல்கத்தாவின் பெரும் கிளப்புகளுக்குத் தெற்கிலிருந்து இவ்வளவு வலுவான சவால் அதற்கு முன்பு எழுந்ததில்லை.

வறிய குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்களையும் ரஹீம் தேடிக் கண்டெடுத்தார். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் அவர்களுள் ஒருவர். பயிற்சிக்கு வந்து செல்ல வசதியில்லாத பலராமுக்கு, வாடகை மிதிவண்டிக்கான பணத்தை ரஹீமே கொடுத்து உதவினார். பின்னாளில் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும், ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியிலும் பலராம் இடம்பெற்றார்.

டெல்லி தங்கமும் ஹெல்சிங்கி பாடமும்

1951-இல் டெல்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீமின் பயிற்சியில் இந்திய அணி களமிறங்கியது. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என வீழ்த்திய இந்தியா, இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்றது. வெற்றிக் கோலை சாஹு மேவாலால் அடித்தார்.

அந்த மகிழ்ச்சி நீண்ட காலம் நீடிக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் படுதோல்வி அடைந்தது. இந்தியாவின் ஒரே கோலை பெங்களூரு வீரர் அகமது கான் அடித்தார். இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்கள். உள்நாட்டில் 70 நிமிட ஆட்டங்களே வழக்கத்தில் இருந்தன. குளிர் மிகுந்த ஐரோப்பிய மைதானத்தில் 90 நிமிடங்கள் ஈடுகொடுக்க அவர்களால் இயலவில்லை. இத்தோல்விக்குப் பின்னர் பூட்ஸ் அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது.

1953-இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என ஹங்கேரி வீழ்த்தியது உலகக் கால்பந்தின் போக்கையே மாற்றியது. ஹங்கேரியின் மைய முன்கள வீரர் பின்னோக்கி வந்து நடுக்களத்தில் இணைந்ததால், அவரை யார் தடுப்பது என்று இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர்கள் திகைத்தனர். ரஹீம் இந்த உத்தியை ஆழ்ந்து கற்றார். நான்கு தடுப்பாட்டக்காரர்கள், இரண்டு நடுக்கள வீரர்கள், நான்கு முன்கள வீரர்கள் என்ற அமைப்பை 1958 உலகக் கோப்பையில் பிரேசில் உலகறியச் செய்தது. அதற்கு முன்பே அதன் கூறுகளை ரஹீம் இந்திய அணிக்கு அறிமுகப்படுத்தியிருந்தார்.

இந்த அமைப்பில் நடுக்கள வீரர்களின் சுமை பன்மடங்கு கூடியது. தடுக்கவும் வேண்டும், பந்தைக் கைப்பற்றிய மறுகணமே தாக்குதலைத் தொடங்கவும் வேண்டும். ஹைதராபாத்தின் நூர் முகமது, மைசூர் மாநிலத்தின் கெம்பையா போன்ற ஹாஃப் ஆட்டக்காரர்கள் இந்தப் பொறுப்புக்குப் பழக்கப்படுத்தப்பட்டனர்.

மெல்போர்னில் வரலாறு

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் ஆட வேண்டிய ஹங்கேரி விலகியதால், இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. டிசம்பர் 1-ஆம் தேதி நடைபெற்ற ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்ற கணக்கில் வீழ்த்தியது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்து, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் சாதனை படைத்த முதல் ஆசியர் ஆனார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பத்து கோல்கள் அடித்த அதே யூகோஸ்லாவியாவை அரையிறுதியில் இந்தியா சந்தித்தது. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியாதான். எனினும் ஆட்டம் 4-1 என யூகோஸ்லாவியாவின் பக்கம் சாய்ந்தது. வெண்கலப் பதக்கத்துக்கான போட்டியில் பல்கேரியாவிடம் 0-3 எனத் தோற்ற இந்தியா, நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் மிகச் சிறந்த நிலை இன்றளவும் இதுவே.

1960 ரோம் ஒலிம்பிக்கில் வலிமை வாய்ந்த ஹங்கேரியிடம் 1-2 எனப் போராடித் தோற்ற இந்தியா, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் தோற்றதையடுத்து முதல் சுற்றுடன் வெளியேறியது. அதன்பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவில்லை.

நோயுடன் ஜகார்த்தாவுக்கு

தொடர்ந்து புகைபிடிக்கும் பழக்கமுடைய ரஹீமை நுரையீரல் புற்றுநோய் தாக்கியிருந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அவர் அந்த நோயுடனேயே அணியை அழைத்துச் சென்றார்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என இந்தியா தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 எனவும், ஜப்பானை 2-0 எனவும் வென்றது. ஆனால் தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது.

அங்குதான் ரஹீமின் துணிவு வெளிப்பட்டது. ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்களத்தில் ஆடியவர் என்பதை நினைவில் கொண்டு, அவரை மைய முன்கள வீரராக இறக்கினார். தடுப்பாட்டத்தின் நடுப்பகுதியை அருண் கோஷ் கவனித்துக்கொண்டார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என இந்தியா வென்றது.

களத்துக்கு வெளியே வேறொரு நெருக்கடி காத்திருந்தது. இஸ்ரேல், தைவான் நாடுகளுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்தியாவின் ஜி.டி. சோந்தி கண்டித்ததால், உள்ளூர் மக்களிடையே இந்திய எதிர்ப்பு மேலோங்கியிருந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதிப் போட்டியின்போது, சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டிருந்த அரங்கில் இந்திய அணியினர் கூச்சல்களுக்கு இடையே ஆட நேர்ந்தது. நாட்டுக்காக ஒரு தங்கத்தைத் தமக்குப் பரிசாகத் தரும்படி முந்தைய நாள் வீரர்களிடம் ரஹீம் கேட்டுக்கொண்டதாக, அந்த அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர்.

முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென் கொரியாவே எதிரணி. 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். 20-வது நிமிடத்தில் தலையில் தையலுடன் ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாவது கோலைப் போட்டார். கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் அடித்தபோதும், இந்தியா 2-1 என வென்றது. காய்ச்சலிலிருந்து மீண்டு கோல்கீப்பராகக் களமிறங்கியவர், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் உருவான பீட்டர் தங்கராஜ் ஆவார். பெங்களூருவைச் சேர்ந்த அருமைநாயகமும் அந்தத் தங்கப் பதக்க அணியில் இருந்தார்.

வெற்றிடமும் வாரிசுகளும்

ஜகார்த்தா வெற்றிக்குப் பிறகு ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில், 1963 ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் மறைந்தார். 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் ஹைதராபாத்தைச் சேர்ந்த நயீமுதீன் தலைமையிலான அணி வென்ற வெண்கலமே, அதன்பின் இந்தியா பெற்ற ஒரே ஆசியப் போட்டிப் பதக்கம்.

அவரிடம் பயின்றவர்கள் பயிற்சியாளர்களாகி அவரது பாடங்களைக் கொண்டு சென்றனர். பி.கே. பானர்ஜி கல்கத்தாவின் பெரும் கிளப்புகளுக்குப் பயிற்சி அளித்தார். ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற தஞ்சாவூர் வீரர் சைமன் சுந்தர்ராஜ், 1973-இல் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தார்.

இரண்டு ஆசியத் தங்கங்களை ஈட்டித் தந்தபோதும், ரஹீமுக்குத் தேசிய விருது எதுவும் வழங்கப்படவில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது, அவர் மறைந்து 22 ஆண்டுகள் கழித்து, 1985-இல்தான் தொடங்கப்பட்டது. 2024-இல் வெளியான மைதான் என்ற இந்தித் திரைப்படத்தின் வாயிலாகவே புதிய தலைமுறையினர் பலர் அவரை அறிந்தனர்.

ரஹீமின் மகன் சையது ஷாகித் ஹக்கீம், நடுக்கள வீரராக 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். ஆயினும் அங்கு ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை. பின்னர் விமானப்படை அதிகாரியாகவும், சர்வதேச நடுவராகவும், பயிற்சியாளராகவும் பணியாற்றிய ஹக்கீம், 2017-இல் தியான் சந்த் விருது பெற்று, 2021-இல் காலமானார்.